நாணல் மேல் கொட்டிய மண்

நகரசபையில் மனைப்பிரிவு மனுக்களைப் பார்ப்பது அவள் வேலை. ‘ஏரிக்கரை மேடம்’ என்றால்தான் ஊரில் தெரியும். ஏரியோரம் நிலத்தைத் துண்டு போட யார் வந்தாலும் ஒரு தாளை எடுத்துக் கோடு கிழிப்பாள்.

“இது தண்ணி விளிம்பு. இதை ஒட்டின பட்டை கணக்குல வராது. நாணல் முளைக்கிற சதுப்பும் வராது. அதெல்லாம் போக ஒவ்வொரு துண்டுலயும் வீடு கட்ட இடம் இருந்தாத்தான் பிரிக்கலாம்.”

முன்பின் தெரியாதவர்களுக்குக்கூட முகம் சுளிக்காமல் சொல்வாள்.

அவள் தம்பி பஸ் டிப்போவில் மெக்கானிக். அப்பாவின் ஏரிக்கரை நிலம் அவன் பங்குக்கு வந்திருந்தது. ரெண்டு மகள்களும் அக்கம்பக்கமாகக் குடியிருக்கட்டும் என்று அதை இரண்டாகப் பிரிக்க மனுப் போட்டான். பார்த்த மாத்திரத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது, தேறாது என்று. “கூடப்பிறந்தவன் விஷயம், நான் தொடக்கூடாது” என்று பக்கத்து மேசைக்காரரிடம் தள்ளிவிட்டாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும்தான்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்கு வந்தான்.

“அக்கா, ஒரே வார்த்தை. நடக்குமா, நடக்காதா?”

“அதைப் பத்தி நான் பேசக்கூடாதுடா.”

“சிபாரிசா கேட்டேன்? சட்டம் என்னன்னுதானே கேக்குறேன்.”

“மனு போட்டுட்டே இல்ல, பதில் வரும்.”

அவன் அவள் முகத்தையே பார்த்தான். பிறகு சிரித்தான். “புரிஞ்சுது. ஆகாதுன்னா நீ மூஞ்சிக்கு நேரா சொல்லியிருப்பே.”

அவள் வாயெடுத்தாள். சொல்லாமலே காபி போட எழுந்துபோனாள்.

அளக்கப் போன பக்கத்து மேசைக்காரர் திரும்பி வந்து, உட்காராமலே பேசினார்.

“மேடம், உங்க தம்பி காரியத்தைக் கெடுத்துட்டாரு. ஈர நிலத்தை எண்ணமாட்டாங்கன்னு யாரோ சொன்னாங்களாம். மேடாக்கிட்டா கணக்குல வந்துடும்னு நாணலை வெட்டி, லாரி லாரியா மண்ணைக் கொட்டியிருக்காரு. சதுப்பை மூடினா சட்டப்படி குத்தம். சும்மா விட்டிருந்தா பிரிக்க முடியாதுன்னு மட்டும் எழுதியிருப்பேன். ஒரு வீடாவது கட்டியிருக்கலாம்.”

இப்போது மண்ணை அள்ளியாக வேண்டும். நாணல் மறுபடி தழைக்கும்வரை ஒரு வீட்டுக்கும் அனுமதி கிடையாது. வீட்டை நம்பிக் காத்திருந்த பெரிய மகள் புருஷனோடு வேறு ஊருக்குக் கிளம்பிவிட்டாள்.

அக்கா ஏரிக்கரைக்குப் போனபோது தம்பியும் சின்ன மகளும் மண் அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

“நானும் அள்றேன்டா.”

“வேணாம். உங்களுக்கு எதுக்குச் சிரமம்?”

பேச்சு வந்த நாளிலிருந்து அவளை ‘நீ’ என்றே கூப்பிட்டவன். அவளுக்குச் சுருக்கென்றது.

“நான் சொல்லியிருக்கணும்டா. போறவங்க வர்றவங்களுக்கெல்லாம் சொல்றதுதானே. உனக்குச் சொன்னா தப்பாயிடும்னு பயந்துட்டேன்.”

“நான் கேட்டேனே” என்றான் அவன். குரலில் கோபம்கூட இல்லை. கோபமாவது இருந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

செருப்பைக் கழற்றிவிட்டு, ஓரமாகக் கிடந்த கூடையை எடுத்துக்கொண்டாள். அவன் தடுக்கவில்லை. சின்னவள் மட்டும் நகர்ந்து இடம் கொடுத்தாள். அள்ளிய இடத்தில் கறுப்பாகத் தண்ணீர் ஊறியது. நாணலின் ஒரு வேர்கூடக் கண்ணில் படவில்லை.