மங்கிக் கிடந்த வரி

எம்பிராய்டரி மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டரை அவள் யாரையும் தொட விடுவதில்லை. சீருடைகளுக்கும் டாக்டர் கோட்டுகளுக்கும் அவள் தைத்துத் தரும் சின்னங்கள் எல்லாம் அதிலுள்ள ஒரே ஒரு டிசைன் புரோகிராமில்தான் உருவாகின்றன. அதை விற்ற கம்பெனி எப்போதோ கடையைக் கட்டிவிட்டது. ஒருமுறை அழிந்தால் மறுபடி போட வழியே இல்லை. மெஷின் வெறும் இரும்பாகிவிடும்.

ஆனால் கம்ப்யூட்டரை ஓட்டும் பழைய இயங்குதளத்துக்கு இனிமேல் பாதுகாப்பு கிடையாது என்று திரை தினமும் மிரட்டியது. அதனால்தான் புதியதைப் போட்டுத்தர நாத்தனாரை அழைத்திருந்தாள். அவர் ஒரு பெரிய அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்ப்பவர். கேலி பேசியே ஆளை ஓட வைப்பவர். அவரிடம் அவள் கேட்ட முதல் உதவி இது.

"என்னம்மா, ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல நிக்கற மாதிரி நிக்கற? உட்காரு."

"இருக்கட்டும் அண்ணி."

டிசைன்களை எல்லாம் வேறொரு டிரைவில் பத்திரப்படுத்திவிட்டு, அவள் கணவனான தன் தம்பி நீட்டிய பென்டிரைவை நாத்தனார் செருகினார். புதிய இயங்குதளம் அதில்தான் இருந்தது. திரையில் தமிழ் எழுத்துகள் வந்தன.

"இவ இங்கிலீஷ் மெசேஜ் வந்தாலே பதறுறா. அதான் தமிழ்லயே டவுன்லோட் பண்ணிட்டேன்" என்றான் கணவன், முகமெல்லாம் பல்லாக. சொல்லாமல் கொள்ளாமல் செய்திருக்கிறானே என்று அவளுக்கும் உள்ளூர மனம் குளிர்ந்துவிட்டது.

எதையெல்லாம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று திரை கேட்டது. ஃபைல்களோடு புரோகிராம்களையும் வைத்துக்கொள்ளும் வரி மங்கிக் கிடந்தது. எத்தனை முறை சொடுக்கியும் அசையவில்லை. ஃபைல்களை மட்டும் வைத்துக்கொள்ளும் வரிதான் பளிச்சென்று இருந்தது.

"அதையே அமுக்குக்கா. டிசைன் எல்லாம் ஃபைல்தானே?" என்றான் கணவன்.

நாத்தனாரின் விரல் மவுஸ் மேல்தான் இருந்தது. அதை எடுத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லும்மா. அந்த ஃபைலை வேற எதுலயாவது திறக்க முடியுமா?"

"முடியாது அண்ணி. அந்தப் புரோகிராம் இல்லன்னா எல்லாமே வெறும் பேருதான். திரும்பப் போட சிடியும் இல்ல."

நாத்தனார் உடனே திரையில் திறந்திருந்த அந்தப் பக்கத்தை மூடினார். "பயப்படாத, இன்னும் எதுவும் ஆகல." கொஞ்ச நேரம் திரையையே பார்த்தவர் பட்டென்று சிரித்துவிட்டார்.

"டேய், இந்தக் கம்ப்யூட்டர்ல இருக்கறது இங்கிலீஷ். நீ கொண்டு வந்தது தமிழ். மொழி வேறயா இருந்தா புரோகிராமை வெச்சுக்க விடாதுடா. பொண்டாட்டி மேல பாசம் இருக்கட்டும், அதை பென்டிரைவ்லயா ஏத்துவ?"

அவன் முகம் சுருங்கிப்போயிற்று.

"அவரை விடுங்க அண்ணி. நான்தான் புலம்பிட்டே இருந்தேன்."

"சரி சரி, கொஞ்சல் எல்லாம் அப்புறம். தமிழைப் பின்னாடி தனியா சேர்த்துக்கலாம், எதுவும் போகாது."

ஆங்கிலப் பிரதியை இறக்கிச் செருகியதும் மங்கிய வரி தெளிந்தது. நாத்தனார் அதைத் தேர்ந்தெடுத்தார். பிறகு கம்ப்யூட்டர் அணைவதும் விழிப்பதுமாக இருந்தது. திரை கறுக்கும்போதெல்லாம் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த நேரத்தில் நாத்தனார் கேலி பேசவில்லை. அவளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டார்.

கடைசியில் புதிய முகப்பு வந்தது. டிசைன் புரோகிராமின் படம் ஓரத்தில் அப்படியே இருந்தது. அவள் அதைச் சொடுக்கினாள். புரோகிராம் திறந்தது. ஆஸ்பத்திரிச் சின்னத்தை மெஷினுக்கு அனுப்பினாள். ஊசி படபடவென்று துணியில் இறங்க, அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அண்ணி, நீங்க மட்டும் என்னைக் கேக்காம அமுக்கியிருந்தா..."

"உன் தொழிலும்மா இது. உன்னைக் கேக்காம வேற யாரைக் கேப்பேன்?"

சர்வ சாதாரணமாகத்தான் சொன்னார். அவள் சட்டென்று அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"போதும்மா, சட்டை நனையுது."

"சாப்பிடாம உங்களை விடமாட்டேன்."

"போடின்னு துரத்தினாலும் போகமாட்டேன். பசி உயிர் போகுது."

கணவன் அதற்குள் சமையலறையில் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தான்.