வால் தோசை

“கண்ண மூடுட்டி. முதுகுல என்ன எழுதுனேன்?”

“கூசுதுப்பா.”

“கூசுறதுக்கெல்லாம் எழுத்து கெடையாது. சொல்லு.”

“மலையாள ‘ஆ’. வாலு இருக்குல்லா.”

“அப்ப ஒங்கம்மைகிட்ட ஒரு வால் தோசை வாங்கித் தின்னு.”

போன வாரம்கூட அப்பாவும் மகள் நிமியும் அடுப்புக்கு அந்தப் பக்கம், தோசை சுடும் அம்மா ரோசிக்கு எதிரே உட்கார்ந்து இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இன்று ரோசியின் விரலெல்லாம் பசை. நேற்று தேயிலை மூட்டை ஏற்றும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அவள் புருஷன் ஆசீர்வாதம், முன்னறையில் வெள்ளைத் துணிக்குள் கிடந்தார்.

சவப்பெட்டியின் மூடி லயத்து வீட்டுச் சுவரில் சாய்ந்திருந்தது. அதில் ஒட்டுவதற்காக, அவர் பெயர் அச்சடித்த காகிதத்தை மாதா கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை கொண்டுவந்திருந்தார். பக்கத்து வீட்டு பிலோமி கை நீட்டினாள். தானே ஒட்டுவதாக ரோசி சொல்லிவிட்டாள்.

பெயர் மலையாளத்தில் இருந்தது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மூணாற்றுக்கு வாக்கப்பட்டு வந்து பன்னிரண்டு வருஷமாகியும் பஸ் போர்டிலிருந்து ரேஷன் கார்டு வரை புருஷன்தான் அவளுக்கு வாசித்துச் சொல்வார். நிமி படிப்பது மலையாளப் பள்ளியில். தட்டில் தேயிலைத் தூளைப் பரப்பி எழுத வைப்பார். ஏலக்காயை எழுத்தாக அடுக்கி, கண்ணை மூடித் தடவி, மோந்து பார்க்கச் சொல்வார். கடைசியில் தோசைக்கல்லுக்கு மேல் விரலால் கோடு காட்டுவார். ரோசி அதன் பின்னாலேயே மாவை ஊற்றுவாள். நிமி வாலைத்தான் முதலில் பிய்ப்பாள்.

எனக்கும் சொல்லித் தாங்க என்று எத்தனையோ நாள் தொண்டை வரைக்கும் வந்ததுண்டு. “கல்லு காயுது” என்று சொல்லித் திரும்பிக்கொள்வாள்.

காகிதத்தில் ‘ஆ’வின் வாலைத் தேடினாள். கிடைத்தது. தோசைக்கல்லில் பார்த்தபடியே வருமாறு திருப்பிப் பிடித்து, சுருக்கமில்லாமல் ஒட்டினாள்.

நிமி வந்து பார்த்தாள்.

“அம்மா, தலகீழா இருக்கு.”

“தோசை இப்படித்தானட்டி வரும்?”

“நானும் அப்பாவும் ஒனக்கு எதுத்தாப்புலல்லா உக்காந்திருப்போம்.”

நிமி ஈரம் காய்வதற்குள் காகிதத்தை நகத்தால் கிளப்பி, நேராக்கி, உள்ளங்கையால் அழுத்தினாள். உள்ளே ஜெபமாலை தொடங்கியிருந்தது.

ரோசி மகளுக்கு முதுகு காட்டித் தரையில் உட்கார்ந்தாள். முந்தானையைத் தோளிலிருந்து ஒதுக்கிக்கொண்டாள்.

“எனக்கும் சொல்லித் தாட்டி. மொதல்ல அப்பா பேர எழுது.”