திரைக்குக் கீழே தெரிந்த பாதங்கள்

அடித்திருந்தால் காட்டுவதற்கு ஒரு தழும்பாவது இருந்திருக்கும். இதை எப்படிக் காட்டுவது?

ஷரீபுன்னிசா தர்மபுரியில் தன் தாய்வீட்டு அறைக்குள் உட்கார்ந்திருந்தாள். வாசலில் தொங்கிய திரைக்கு அந்தப் பக்கம், கூடத்தில், அவள் புருஷன் கவுஸ் பாஷா. சேர்ந்து வாழ்வதா, ‘குலா’ கேட்டுப் பிரிந்துவிடுவதா என்று இன்று முடிவாக வேண்டும். ஜமாத் முறைப்படி பக்கத்துக்கு ஒருவர் மத்தியஸ்தம். அவளுக்குத் தாய்மாமன் அன்வர் பாஷா, கவுஸ் பாஷாவுக்கு அவருடைய பெரியப்பா.

மாமு திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

“கை நீட்டுனானாம்மா?”

“இல்ல மாமு.”

“குடி? வேற பொம்பள?”

“இல்ல. எங்கிட்ட பேச மாட்டேங்கறாரு.”

கூடத்தில் பெரியப்பா சிரித்தார். “பேசாத புருஷன் வேணும்னு எங்க வூட்ல தெனமும் துவா கேக்கறா!”

பிறந்த குழந்தை அழாமலே போன நாளிலிருந்து கவுஸ் பாஷா அவள் பெயரைச் சொன்னதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் பானையைப் பார்த்துச் சொல்வார். பசித்தால் அடுப்பிடம். அதே மனிதர் மொரப்பூர்ச் சந்தையில் யார் யார் கையையோ பிடித்து வளையல் ஏற்றும்போது, “வலிக்குதாம்மா?” என்று கேட்பதை ஒருமுறை தள்ளி நின்று பார்த்திருக்கிறாள். அன்று வீட்டுக்கு வந்து தன் மணிக்கட்டைத் தானே பிடித்துப் பார்த்தாள்.

“திருந்திக்கறேன்னு ஒத்துக்கிட்டான். உனக்கு என்ன வேணும், சொல்லு,” என்றார் மாமு.

“திரைகிட்ட வந்து, எம்பேரச் சொல்லி, வான்னு கூப்பிடச் சொல்லுங்க. இப்பவே கெளம்பறேன்.”

“அவ்ளோதானா!”

மாமு போய்ச் சொன்னார். நாற்காலி நகர்ந்தது. திரைக்குக் கீழே கவுஸ் பாஷாவின் பாதங்கள் வந்து நின்றன. பெருவிரல் தரையைத் தேய்த்தது. சொல்லிவிடுவார் போலிருந்தது. சொல்லிவிட வேண்டுமே என்று அவள் திரையருகே நகர்ந்தாள்.

“மாமு,” என்றார் கவுஸ் பாஷா. “வரச் சொல்லுங்க.”

பாதங்கள் திரும்பிப் போயின.

“அல்ஹம்துலில்லாஹ்!” என்றார் பெரியப்பா.

சமாதானம் ஆனால் ஒரே டம்ளர் சர்பத்தை இருவரும் குடிப்பது அந்தக் குடும்பத்து வழக்கம். கவுஸ் பாஷா பாதி குடித்த டம்ளரை மாமு கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

“கூப்பிட்டுட்டான்ல. குடிம்மா, பஸ்சுக்கு நேரமாச்சு.”

விளிம்பில் அவர் உதடு பட்ட ஈரம் இருந்தது. அந்தக் குழந்தைக்காக அவரும் எங்காவது அழுதிருப்பார். அதையும் பானையிடம்தான் சொல்லியிருப்பார்.

அவள் டம்ளரைச் சிந்தாமல் திரைக்கு அடியில், அந்தப் பக்கத்துக்குத் தள்ளினாள்.

“வேணாம் மாமு,” என்றாள்.