மூன்றாவது சிலிண்டர்

எங்கள் விமானத்துக்கு மூன்று சொந்தக்காரர்கள்: வில்ஃப் தாக்ரே, கிளைவ் ஓர்மராட், நான். லிங்கன்ஷயரில் முட்டைக்கோஸ் வயல்களுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகையில் அது நிற்கிறது. மரம், துணி, பசை, வாக்குவாதம் எல்லாம் சேர்த்து அந்த இரண்டு ஆண்களும் வருடக்கணக்கில் கட்டியது. எஞ்சின் மட்டும் ஒரு பழைய காரிலிருந்து கழற்றியது. தண்ணீர் வேண்டாம், காற்றே அதைக் குளிர்விக்கும். நான் பிறகு மூன்றில் ஒரு பங்கு வாங்கிச் சேர்ந்தவள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவளுக்கு இதை விட்டால் இந்த ஜென்மத்தில் வேறு விமானம் கிடையாது. அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வில்ஃப், "வித்துத் தொலச்சிடலாம்" என்றதும் நான் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தேன்.

எல்லாம் மூன்றாவது சிலிண்டரால் வந்தது. சிலிண்டருக்கும் அதன் மேல் உட்காரும் தலைக்கும் நடுவே ஒரு செப்பு வளையம் இருக்கும், ஹெட் கேஸ்கட். அது சரியாகப் பிடிக்காவிட்டால் உள்ளே வெடிக்கும் வாயு ஓரமாகக் கசிந்துவிடும், எஞ்சினுக்குத் தெம்பு போய்விடும். எங்களுடையது வசந்தத்திலிருந்தே கசிந்துகொண்டிருந்தது. விமானத்தின் முன்னால் இருக்கும் காற்றாடியைக் கையால் சுற்றினால் மற்ற மூன்று சிலிண்டர்களும் முறைத்துக்கொண்டு எதிர்க்கும். மூன்றாவது மட்டும் உஸ் என்று பெருமூச்சு விடும். புது வளையம் போட்டார்கள். கொஞ்ச நாள் ஒழுங்காக இருந்தது. மறுபடி உஸ். இன்னொரு புது வளையம், இன்னொரு உஸ்.

வில்ஃப் பேருந்துப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நட்டை இறுக்கினால் அது அழ வேண்டும் என்பது அவர் கொள்கை. கிளைவ் பல் மருத்துவராக இருந்தவர். எஞ்சினுக்கு வலிக்குமோ என்று பயந்து பயந்து இறுக்குவார்.

ஒரு வாரநாளில் விமானத்தைக் கழுவலாம் என்று போனேன். வில்ஃப் எஞ்சின் மூடியைத் திறந்துவைத்து, ஸ்பேனரில் தொங்கிக்கொண்டிருந்தார்.

"கிளைவ் கிட்ட சொல்லாத. அந்த மனுஷன் இறுக்கினது இறுக்கமா? எங்க வீட்டு ஊறுகாய் பாட்டில் இதவிட டைட்டா இருக்கும். சனிக்கிழம இதுல பறக்கணுமே."

சொல்ல மாட்டேன் என்றேன். வேறொரு நாள் போனால் அதே மூடி, அதே நட்டு, கிளைவ்.

"வில்ஃப் கிட்ட வாயத் திறந்துடாத ஹிலரி. இப்படி முறுக்கினா போல்ட்டு வேரோட பிடுங்கிக்கிட்டு வந்துடும். கொஞ்சம் தளர்த்தி சரியான அளவுல வெக்கிறேன். ஒரே ஒரு தடவதான்."

அவரிடமும் சொல்ல மாட்டேன் என்றேன். செம்பு ஒரு தடவை நசுங்கிய பிறகு தளர்த்தினால் மறுபடி பிடிக்காது என்பது எங்கள் மூவருக்குமே தெரியும். அவர்களுக்குத் தெரியாதது ஒன்றுதான்: அந்த வளையத்தை வாராவாரம் ஒருவர் நசுக்க, இன்னொருவர் தளர்த்திக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வில்ஃப் காற்றாடியைச் சுற்றினார். உஸ்.

"அஞ்சாவது வளையம். போட்ட கை சரியில்ல," என்றார்.

"போட்டது நீதான்யா," என்றார் கிளைவ்.

"நீ பக்கத்துல நின்ன இல்ல?"

அதற்குப் பிறகுதான் விற்கிற பேச்சு வந்தது. கிளைவும் "சரி, வித்துடுவோம்" என்றார். இரண்டு பேர் கேட்டால் விற்க வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம். இருவருக்கும் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதா, விமானத்தைக் காப்பாற்றுவதா என்று நான் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை.

"வில்ஃப், நீங்க வாரநாள்ல வந்து இறுக்குறீங்க. கிளைவ், நீங்க வந்து தளர்த்துறீங்க. பாவம் அந்த வளையம் என்னதான் பண்ணும்?"

இருவர் முகமும் சிவந்தது. தொலைந்தேன் என்று நினைத்தேன். இனி விற்பதோடு நில்லாமல் பேச்சுவார்த்தையும் நின்றுவிடும்.

"எனக்குத் தெரியாம எதுக்குய்யா தொட்ட?" என்றார் வில்ஃப்.

"போல்ட்டு பிடுங்கிக்கிட்டு வந்தா யார் தலையில விழும்? சனிக்கிழம மொதல்ல ஏறுறது நீ." கிளைவ் வாளியைப் பார்த்துக்கொண்டு பேசினார். "நீ எதுக்குத் தொட்ட?"

"நீதான் கடல் மேல போறேன், நார்ஃபோக் போறேன்னு திரியற. நடுக்கடல்ல எஞ்சின் நின்னா? நீ முழுகிட்டா நான் யார் கூடய்யா சண்ட போடுறது?"

இப்படிப்பட்ட பேச்சு அந்தக் கொட்டகையில் அதுவரை கேட்டதில்லை. இருவரும் ஒரே நேரத்தில் டீ போடக் கெட்டிலை நோக்கிப் போய் முட்டிக்கொண்டார்கள். இந்த இரண்டு கிழட்டு முட்டாள்கள் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

விற்பனைப் பேச்சை அதன் பிறகு யாரும் எடுக்கவில்லை. டீ முடிந்ததும் சிலிண்டர் தலையைக் கழற்றினோம். புது வளையத்தைக் கிளைவ் தீயில் மங்கலாகச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டார். அப்போதுதான் செம்பு இளகும். இறுக்கும் வேலை என்னிடம் வந்தது, ஏனென்றால் என் மேல் இருவருக்கும் சம அளவில் நம்பிக்கையில்லை. இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனரை நான் பிடிக்க, ஒருவர் முள்ளைப் பார்த்தார், மற்றவர் முள்ளைப் பார்க்கிறவரைப் பார்த்தார்.

நானே எடுத்துக்கொண்டு பறந்தேன். வயல்களுக்கு மேல் இரண்டு சுற்று. நான்கு சிலிண்டரும் ஒரே குரலில் உறுமின. கீழே இருவரும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, யாருக்கோ துக்கம் கேட்க வந்தவர்களைப் போல நின்றார்கள்.

புது வளையம் போட்டால் முதல் ஓட்டம் முடிந்ததும் நட்டுகளை ஒருமுறை சரிபார்க்க வேண்டும். அதுவும் எஞ்சின் முழுக்க ஆறிய பிறகுதான். சூட்டில் தொட்டால் பட்ட பாடெல்லாம் வீண்.

"ஆற எப்படியும் சாயங்காலம் ஆயிடும். நீங்க ரெண்டு பேரும் வீட்டுக்குப் போங்க," என்றேன்.

"அவன் போகட்டும், நான் அப்புறம் போறேன்," என்றார் வில்ஃப்.

"எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. ஹிலரி, நீ போயேன்," என்றார் கிளைவ்.

நான் போகவில்லை. வில்ஃப் மனைவிக்குப் போன் செய்து, மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை, காத்திருக்க வேண்டாம் என்றார். கிளைவ் காரிலிருந்து மடக்கு நாற்காலிகளை எடுத்துவந்தார். ஸ்பேனரை மடியில் வைத்துக்கொண்டு நான் நடுவில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் கிளைவ் எழுந்து போய் எஞ்சின் மேல் விரல் வைத்துப் பார்த்து, "இன்னும் சூடு" என்றார். வில்ஃப் நம்பவில்லை, தானும் எழுந்து போய்த் தொட்டுப் பார்த்தார். அவர் வந்து உட்கார்ந்ததும் நானும் போய்த் தொட்டுப் பார்த்தேன்.