சாந்தேயின் பின்சக்கரம்

பழைய சைக்கிள் சக்கரத்தில் பெயரோ முத்திரையோ இல்லாவிட்டாலும், அது எந்த நாட்டுச் சரக்கு, எந்தக் காலத்தது என்று சொல்வதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. பதோவாவிலிருந்தும் மிலானிலிருந்தும்கூடப் பெட்டி கட்டி அனுப்புவார்கள். அதனால்தான் எங்கள் சான் விதோ சைக்கிள் கிளப்பின் தலைவர் ஃபவாரோ அந்த வசந்தத்தில் என் பட்டறைக்கு வந்தார்.

அவர் வேனில் கொண்டுவந்தது துல்லியோ மர்க்கியோரியின் சைக்கிள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றில் கிராப்பா மலைப் பந்தயத்தை ஜெயித்துக் கொடுத்த அதே வண்டி. துல்லியோ இறந்து ஆறேழு ஆண்டுகள் ஆகிவிட்டன. அவருடைய மனைவி இனேஸ் அம்மா வண்டியைக் கிளப்பின் புது மியூசியத்துக்கு இரவலாகக் கொடுத்திருந்தார். பின்சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பில் எந்த எழுத்தும் இல்லை. அது எங்கள் ஊர்த் தொழிற்சாலையில் செய்ததுதான் என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தத் தொழிற்சாலை ஃபவாரோவின் அப்பாவுடையது. "ஊர்ச் சக்கரம், ஊர்ப் பையன், ஊர் வெற்றி" என்று அந்த வருடம் சுவரெல்லாம் விளம்பரம் ஒட்டினார்களாம். தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். விளம்பரம் மட்டும் ஃபவாரோவின் வீட்டுக் கூடத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது.

சக்கரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஹப்பின் நடுக்குழல் இருக்க வேண்டியதைவிட மெலிந்திருந்தது. யாரோ லேத்தில் கொடுத்துச் சீவி, மெருகு போட்டிருக்கிறார்கள். எழுத்து இல்லாமல் பிறந்த ஹப் அல்ல அது, எழுத்தை இழந்த ஹப். செயின் ஓடும் பற்சக்கரமான ஃப்ரீவீலைக் கழற்றி, அது ஏறும் ஹப்பின் திருகு மரையில் என் அளவுச் சீப்பை வைத்தேன். இத்தாலிய மரைக்கான பல் உட்காரவில்லை. பிரெஞ்சு மரைக்கான பல் கச்சிதமாக உட்கார்ந்தது. சந்தேகம் தீர, எங்கள் ஊர்த் தொழிற்சாலையின் பழைய ஃப்ரீவீல் ஒன்றைக் கையால் முடுக்கிப் பார்த்தேன். ஒரு சுற்று போய்ச் சிக்கிக்கொண்டது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. செயின் பக்கத்து விளிம்பில், கம்பி கோக்கும் துளை ஒன்றின் அருகே மயிரிழை போல ஒரு விரிசல். அது மேலும் ஓடாமலிருக்க, அதன் நுனியில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு ஓட்டை போட்டிருந்தார்கள்.

பிரெஞ்சு ஹப் என்றதுமே எனக்குச் சாந்தேயின் நினைவு வந்திருந்தது.

எங்கள் ஊரில் சாந்தேயைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. 'சக்கரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பத்தொன்றில் அவர் பிரான்சில் வேலை பார்த்துக்கொண்டு, ஒரு பிரெஞ்சு அணிக்காக அதே பந்தயத்தில் ஓட்டினார். மலை உச்சிக்குக் கொஞ்சம் கீழே அவரும் துல்லியோவும் மட்டும் முன்னால் போய்க்கொண்டிருந்தார்களாம். சாந்தே விழுந்து முன்சக்கரம் கோணிவிட்டது. அதே கல்லில் துல்லியோவின் பின்சக்கரம் பஞ்சர். சாந்தே முன்சக்கரத்தை முழங்காலில் வைத்து நிமிர்த்திக்கொண்டிருந்தபோது, துல்லியோ சாந்தேயின் பின்சக்கரத்தைக் கழற்றித் தன் வண்டியில் மாட்டிக்கொண்டு, "எங்க டீம் கார் பின்னாடியே வருது, உனக்கு ஒண்ணு தருவாங்க" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார். கார் வந்தது, நிற்கவில்லை. வேறு அணிக்காரனின் சக்கரத்தில் ஓட்டினால் பந்தயத்திலிருந்தே நீக்கிவிடுவார்கள்; நின்றால் துல்லியோ செய்தது வெளியே தெரிந்துவிடும். எப்படி நிற்பார்கள்?

இதைத்தான் சாந்தே நாற்பத்தேழு ஆண்டுகளாகச் சதுக்கத்து மதுக்கடையில் சொல்லிவருகிறார். யார் சிரித்தாலும் குரலைத் தாழ்த்த மாட்டார். கடைக்காரர் ஒருமுறை வாயை மூடச் சொன்னதற்கு, தன் நாற்காலியை வாசலுக்கு வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டு தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாராம்.

மறுநாள் நான் அங்கே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். காரணம் எதுவும் சொல்லாமல், அந்தச் சக்கரத்தில் ஏதாவது அடையாளம் இருந்ததா என்று மட்டும் கேட்டேன். மதுக்கோப்பையை மேசையில் வைத்துவிட்டு என்னைச் சந்தேகத்தோடு பார்த்தார்.

"நீயும் கேலி பண்ண வந்தியா?"

"இல்ல பெரியவரே. தெரிஞ்சுக்கணும்."

"செயின் பக்கம் ஒரு விரிசல். ஓடாம இருக்க லியோன் ஊரு மெக்கானிக் நுனியில ஊசி ஓட்டை போட்டுக் குடுத்தான். போதுமா?"

போதும் என்று எழுந்தேன்.

ஃபவாரோவிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார், பிறகு கதவைச் சாத்தினார். மரை எந்த நாட்டுடையது என்று மியூசியத்துக்கு வருகிறவன் எவன் பார்க்கப்போகிறான் என்றார். ஊர் மானம் என்றார். கிளப்பின் நாற்பது வண்டிகளும் என் பட்டறைக்குத்தான் வருகின்றன என்பதையும் போகிறபோக்கில் நினைவூட்டினார்.

"துல்லியோவோட கால் ஜெயிச்சது தலைவரே, அதை யாரும் எடுக்கல. ஆனா சக்கரம் சாந்தேயோடது. வேற மாதிரி எழுத என் கை வராது."

"அப்ப வேற கையப் பாத்துக்கறோம்," என்றார்.

வண்டி இனேஸ் அம்மாவுடையது என்பதால், அவரிடமும் போய்ச் சொன்னேன். காபி போட்டுக் கொடுத்தார். நான் சொல்லி முடிக்கும்வரை மேசைவிரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டே இருந்தார். பிறகு ஒரே ஒரு விஷயம் சொன்னார்: சாந்தே மதுக்கடைக்குள் வந்தால் துல்லியோ பாதிக் கோப்பையோடு எழுந்து வெளியே போய்விடுவாராம். அது கர்வம் என்று இத்தனை நாள் தான் நினைத்திருந்ததாகச் சொன்னார்.

சாந்தேயிடம் நான் கண்டதைச் சொன்னபோது அவர் துள்ளவில்லை, அழவில்லை. "எனக்கு முன்னாடியே தெரியுமே," என்றார்.

திறப்பு விழா மே மாதத்து ஞாயிறு ஒன்றில். பேண்டு வாத்தியம், மேயர், காவல் அதிகாரி எல்லாரும் வந்திருந்தார்கள். வண்டி மேடையில் நின்றது. 'சக்கரங்கள்: நம் ஊர்த் தயாரிப்பு' என்று பலகை வைத்திருந்தார்கள். எழுதிக் கொடுத்தவர் யாரோ பேராசிரியராம். நான் பின்வரிசையில் நின்றேன். என் மேலங்கிப் பையில் அந்தச் சிக்கிக்கொண்ட ஃப்ரீவீல் கனத்தது. பலகையைப் பற்றி ஃபவாரோ பேச ஆரம்பித்ததும் முன்னால் நடந்தேன். அதற்குள் சாந்தே மேடை ஏறிவிட்டார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்துவரை பொத்தான்.

"என் சக்கரத்தக் குடு," என்றார்.

கூட்டத்தில் யாரோ 'சக்கரம்! சக்கரம்!' என்று கத்தினார்கள். சிரிப்பு எழுந்தது. மன்னிப்பு வேண்டாம், பலகை வேண்டாம், சக்கரம் போதும் என்று அவர் அதே குரலில் திரும்பச் சொன்னார். ஃபவாரோ காவல் அதிகாரியைப் பார்த்தார். நான் ஃப்ரீவீலை எடுத்து ஃபவாரோவின் கையில் வைத்தேன்.

"உங்க அப்பா கம்பெனிச் சரக்கு தலைவரே. இந்த ஹப்புல முடுக்கிக் காட்டுங்க. ஏறிச்சுன்னா சாந்தேயை நானே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

அவர் அதைத் தொட்ட கையோடு மேசையில் வைத்துவிட்டார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. மியூசியப் பொருளில் கை வைத்தால் கைது என்று அவர் சொன்னபோது, காவல் அதிகாரி பொருள் யாருடையது என்று கேட்டார். எல்லாரும் முதல் வரிசையைப் பார்த்தார்கள்.

இனேஸ் அம்மா எழுந்தார். மேடைக்கு வர அவருக்கு நேரம் பிடித்தது. யாருடைய கையையும் பிடித்துக்கொள்ளவில்லை.

"எடுத்துக்கோ சாந்தே. அவர் குடுத்திருக்கணும், குடுக்கல." சற்று நின்றார். "டயர் மட்டும் எங்களோடது. பின்னால அவர் கையால ஒட்டினது."

"டயர் எனக்கெதுக்கு? மக்கிப் போயிருக்கும்," என்றார் சாந்தே.

நான் அச்சின் நட்டுகளைத் தளர்த்திச் சக்கரத்தை உருவினேன். டயரை உரித்து இனேஸ் அம்மாவிடமும், சக்கரத்தைச் சாந்தேயிடமும் கொடுத்தேன். என் பட்டறைக்குள் இனி கிளப்பின் ஒரு கம்பிகூட நுழையாது என்று ஃபவாரோ காதருகே சொன்னார். நுழைய வேண்டாம் என்றேன், காதருகே அல்ல.

சொன்னபடியே செய்தார். அந்தக் கோடையில் பட்டறை பாதி காலியாகத்தான் கிடந்தது. மியூசியத்தில் வேறு பின்சக்கரம் மாட்ட இனேஸ் அம்மா சம்மதிக்கவில்லை. வண்டி அப்படியே மரக்கட்டையில் முட்டுக்கொடுத்து நிற்கிறது. பலகையை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

சாந்தே சக்கரத்தைச் சுவரில் மாட்டுவார் என்று நினைத்திருந்தேன். அவர் ஒரு பழைய வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, இதில் மாட்டிக் கொடு என்றார். இந்த வயதில் எங்கே போகப்போகிறீர்கள் என்று கேட்டேன்.

"மேல," என்றார்.

கம்பிகளை இழுத்துச் சரிபார்த்து, புது டயர் போட்டுக் கொடுத்தேன். ஒரு செப்டம்பர் காலையில் கிராப்பா மலைப் பாதையில் நானும் கூட ஓட்டிக்கொண்டு போனேன். சரிவு கடுமையான இடங்களில் இறங்கித் தள்ளினார். உதவியாக முதுகில் கை வைத்துத் தள்ளப் போனபோது திட்டினார். அவர் விழுந்த வளைவு வந்தது. அங்கே நிற்பார், ஏதாவது சொல்வார் என்று நான் வேகத்தைக் குறைத்தேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், மணியை அடித்துக்கொண்டே மேலே போய்க்கொண்டிருந்தார்.