பசுமலையிலிருந்து வந்த கோடி

“அந்தக் கயித்த இப்பக் கட்டாதீங்க சித்தப்பா,” என்று கருத்தக்கண்ணன் கையிலிருந்த கயிற்றின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டாள் அன்னக்கொடி.

மூங்கில் பிளந்து, பச்சைத் தென்னங்கீற்று முடைந்து, பாடை தயாராகிவிட்டது. கருத்தக்கண்ணன் அவள் அப்பன் காளைக்குப் பங்காளி. ஊரில் யார் செத்தாலும் முதல் கயிறு அவர் கையில்தான். கெட்ட மனுசர் என்று சொல்லிவிட முடியாது. நாலு பேருக்கு ஓடி ஓடி உழைக்கிறவர். ஆனால் முறை என்று வந்துவிட்டால் பெற்ற தாயென்றாலும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

“வெயில் ஏறுது ஆத்தா. எம்புட்டு நேரம் போட்டு வக்கிறது?”

“பொறந்த வீட்டுக் கோடி வரணும்ல.”

“எந்த வீட்டுல இருந்து?”

அவர் குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். பந்தலில் இருந்த பொம்பளைகள் ஒப்பாரியை நிறுத்திவிட்டார்கள். ஆத்தா இருளாயி ஆயுசு பூராவும் காதில் வாங்கிய கேள்வி அது. செத்த பிறகும் விடவில்லையே என்று நினைத்தாள் அன்னக்கொடி.

ஒரு பொம்பளை செத்தால் அண்ணன் தம்பி வீட்டிலிருந்து கோடி என்று புதுச்சேலை வந்து மேலே விழவேண்டும். அது விழாமல் பிணத்தைத் தூக்கினால், கேட்க நாதியில்லாதவள் என்று பேர். இருளாயிக்கு அப்பன், ஆத்தா, கூடப்பிறந்தது எல்லாம் ஒரே காலராவில் போய்விட்டன. அத்தை வீட்டு மாட்டுக்கொட்டத்தில் வளர்ந்து, காளைக்கு வாக்கப்பட்டு வந்தவள். மாமியார் சண்டைக்கு நின்றால் கடைசியில் அங்கேதான் வந்து முடிப்பாள்: “ஒன்னைய அடிச்சுப் போட்டாலும் ஏன்னு கேக்க ஆளு இருக்கா?” இருளாயி பால் தூக்கை எடுத்துக்கொண்டு பசுமலைக்கு நடந்துவிடுவாள்.

பசுமலையில் பார்லோ இருந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், அமெரிக்கா தேசத்துக்காரர். கல்யாணம் கார்த்திகை எதுவும் கிடையாது. வந்த புதிதில் முன்ஷி வைத்துத் தமிழ் படித்தார். அந்தத் தமிழைப் பேசினால் பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். விடியக்காலை பால் ஊற்ற வந்த இருளாயிக்குப் பொறுக்கவில்லை. “இது என்ன பேச்சு தொரை, ஏட்டுல இருக்குறத ஒப்பிச்ச மாதிரி? வாய்க்கு வந்தபடி பேசுங்க,” என்றாள். அன்றிலிருந்து தினமும் பால் ஊற்றும் நேரத்துக்குப் பாடம். ஆறு மாதத்தில் வெள்ளைக்காரர் வாயில் நாகமலை அடிவாரத்துத் தமிழ் குடியேறிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் யாரோ மாட்டுத் தரகர் பேசுகிறார் என்றுதான் தோன்றும். தல்லாகுளத்துக் கலெக்டர் ஆபீசில் ஒருதரம் குமாஸ்தாவிடம், “எம்புட்டு நேரமாய்யா நிக்கிறது?” என்று கேட்டாராம். குமாஸ்தா எழுந்து நின்றுவிட்டாராம்.

அன்னக்கொடிக்குக் காது குத்தும்போதுதான் உறவு ஊருக்குத் தெரிந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்தவேண்டும். மாமன் எங்கே என்று மாமியார் வழக்கம்போல ஆரம்பித்தாள். இருளாயி விறுவிறுவென்று நடந்து போய், தொப்பியும் கோட்டுமாகப் பார்லோவைக் கூட்டிக்கொண்டு வந்து பாயில் உட்கார வைத்தாள். “இதுதேன் எங்கண்ணே,” என்றாள். அம்புட்டுத்தான். பிள்ளை அலறியது, பார்லோ அதைவிட அலறினார். ஊர் ரொம்ப நாளைக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. ஆனால் அன்னக்கொடி நினைவு தெரிந்த நாளிலிருந்து அவரை மாமா என்றுதான் கூப்பிட்டாள். பொங்கல் தவறாமல் மாமன் வீட்டுக் கரும்பு வந்தது.

இப்போது மாமாவுக்கு வயசாகிவிட்டது. போதும், சொந்த ஊருக்கு வந்து ஓய்வெடு என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். வருகிற புதன்கிழமை ரயில். தனுஷ்கோடி போய், கொழும்பில் கப்பல். போன வாரம் பார்க்க வந்தவரிடம் இருளாயி படுக்கையில் கிடந்தபடியே சொன்னாள்:

“அண்ணே, நீ கப்பலேறுறதுக்குள்ள நான் போயிறணும். இல்லாட்டி எனக்குக் கோடி போட ஆளில்ல.”

“கிறுக்கச்சி, பேசாம கஞ்சியக் குடி,” என்றார் அவர். பிறகு வெளியே வந்து ரொம்ப நேரம் மாட்டைத் தடவிக்கொண்டு நின்றார்.

மாமா இருக்கிறார் என்ற தைரியத்தில்தான் அன்னக்கொடி விடியும்போதே புருசன் தவசியைப் பசுமலைக்கு ஓட்டியிருந்தாள். அவன் இப்போது வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தான். ஒற்றையாளாக வந்தான்.

“பங்களா பூட்டிக் கெடக்கு. பள்ளிக்கூடத்துலயும் இல்ல. வெளிய ரெண்டு பெட்டி கயிறு போட்டுக் கட்டி வச்சிருக்கு.”

“முன்னக்கூட்டியே கெளம்பிட்டாரோ என்னமோ,” என்றாள் பக்கத்து வீட்டு ஒச்சாயி.

கருத்தக்கண்ணன் பெருமூச்சு விட்டார். “ஆத்தா, மனச விட்றாத. அன்னைக்கு மடியில ஒக்காத்துனது வெளையாட்டு. கோடி வெளையாட்டு இல்ல. நம்ம பங்காளி வீட்டுலயே ஒரு சேலையப் போட்டுத் தூக்கிருவோம். கயித்த விடு.”

அன்னக்கொடி விடவில்லை. ஆனால் பிடித்த கை தளர்ந்துவிட்டது. ஆத்தா முகத்தைப் பார்க்கவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. மாமா சொல்லாமல் போவாரா? போகமாட்டார். போயிருந்தால்? அழுகையை அடக்கிக்கொண்டு ஒரு நாழி, இன்னும் ஒரே ஒரு நாழி என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

அப்போதுதான் ஓடைப்பக்கம் குதிரைவண்டிச் சத்தம் கேட்டது. வண்டியிலிருந்து முதலில் ஒரு குடை இறங்கியது, அப்புறம் இரண்டு நீளக் கால்கள். பார்லோ நெஞ்சோடு ஒரு பொட்டலத்தை அணைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறி வந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

“காலையில நீ பாலு கொண்டு வரல,” என்றார் அன்னக்கொடியிடம். “வரலன்னதும் தெரிஞ்சுபோச்சு. நேரா டவுனுக்குப் போனேன். கடையத் தொறக்க நேரமாக்கிட்டாங்கெ.”

அன்னக்கொடி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். அவர் பொட்டலத்தைப் பிரித்தார்.

உள்ளே இருந்தது வெள்ளைச் சேலை. பால் வெள்ளை. விலை உயர்ந்தது, தொட்டால் வழுக்கியது.

ஒச்சாயி சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். புருசன் குத்துக்கல்லாக உயிரோடு உட்கார்ந்திருக்க, நெற்றி நிறையக் குங்குமத்தோடு கிடக்கிறவளுக்கு முண்டச்சி சேலை. மாமாவைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் பார்த்த சாவெல்லாம் வேதக்கோயில் கல்லறைத் தோட்டத்துச் சாவு. அங்கே எல்லாருக்கும் வெள்ளைதான். சேலை எடுத்துப் பழக்கமில்லாத கிழவர், இருப்பதில் நல்லதாகக் கொடு என்று கேட்டிருப்பார். முப்பது வருசமாக இங்கே இருந்தும் இது அவருக்குத் தெரியவில்லை.

“பாத்தியா ஆத்தா,” என்றார் கருத்தக்கண்ணன். கோபம்கூட இல்லை அவர் குரலில். “இதுக்குத்தேன் சொன்னேன். ரத்தத்துல இருந்தாத்தேன இதெல்லாம் தெரியும்.”

பார்லோ ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று மட்டும் புரிந்தது. “நான் என்ன செஞ்சுட்டேன், அன்னக்கொடி?” என்று மெதுவாகக் கேட்டார்.

அன்னக்கொடி கயிற்றைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குள் போனாள். அம்மி ஓடும் சத்தம் கேட்டது. சாவு வீட்டில் இந்த நேரத்தில் என்ன அரைக்கிறாள் என்று பொம்பளைகள் எட்டிப்பார்த்தார்கள். குண்டு மஞ்சளை ஓங்கி ஓங்கித் தட்டி அரைத்துக்கொண்டிருந்தாள். ஆத்தா மேலிருந்த துக்கத்தையும் சித்தப்பா மேலிருந்த கோபத்தையும் சேர்த்துத்தான் அரைத்தாள். பிறகு பால் ஊற்றி வைக்கும் பெரிய செம்பு அண்டாவில் தண்ணீர் ஊற்றிக் கரைத்து, தூக்கிக்கொண்டு வந்து மாமா முன்னால் வைத்தாள்.

“கோட்டக் கழட்டுங்க மாமா. இதுல நீங்கதேன் முக்கணும். வேற யாரும் தொடக்கூடாது.”

அவர் முழங்கால் மடக்கி உட்கார்ந்தார். சேலையை அண்டாவுக்குள் அமுக்கினார். வெள்ளை கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளைக் குடித்தது. முழங்கை வரை தோய்ந்துவிட்டது.

“எங்கக்கா ஒண்ணு இருந்துச்சு, ஊருல,” என்றார் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே. “அது செத்தப்ப நான் இங்க பின்னக் கணக்கு நடத்திக்கிட்டு இருந்துருக்கேன். அடக்கம் பண்ணி ஒரு மாசம் கழிச்சுத்தேன் எனக்குத் தெரியும்.”

அன்னக்கொடி அவர் நழுவவிட்ட ஒரு மடிப்பைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டாள்.

“மஞ்சள்ல முக்கிட்டாப்ல ஆச்சா?” என்றார் கருத்தக்கண்ணன். “யாரு முக்குனதுன்னு ஒரு மொறை இருக்குல்ல. நான் ஒத்துக்கிட்டாலும் நாளைக்கு ஊரு…”

“தம்பி.”

சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்த காளைதான். விடிந்ததிலிருந்து அவர் பேசிய முதல் பேச்சு அது. பார்லோவைக் கண்டால் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, “வாங்க தொரை, போங்க தொரை,” என்பதோடு சரி. வெள்ளைக்காரனை உறவு சொல்லிக் கூப்பிட அவருக்கு நாக்கு வந்ததே இல்லை. இப்போது சுவரைப் பிடித்து எழுந்தார்.

“கொட்டுக்காரங்கள ஊரு எல்லைக்குப் போகச் சொல்லு. எம் மச்சான் கோடி கொண்டாந்துருக்காரு. நாம எதுக்கப் போயிக் கூட்டியார வேணாமா? கொட்டு இல்லாமக் கோடி வந்துச்சுன்னுல ஊரு பேசும்.”

கருத்தக்கண்ணன் அவரையே பார்த்தார். எதிர்கொண்டு அழைக்கிறதும் முறைதானே. கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, “டேய், கொட்ட எடுங்கடா,” என்றார்.

அப்படியாக, வந்து சேர்ந்த மனுசரை மறுபடியும் ஊர் எல்லையான ஓடைவரைக்கும் நடத்திக்கொண்டு போனார்கள். தாம்பாளத்தில் ஈரம் சொட்டச் சொட்டச் சேலையை வைத்து அவர் கையில் கொடுத்தார்கள். கொட்டு முழங்கியது. காளை எதிரே போய் இரண்டு கையையும் நீட்டினார். “வாங்க மச்சான்,” என்றார். “ஒந்தங்கச்சி நம்மள விட்டுட்டுப் போயிட்டாளே.” இரண்டு கிழவர்களும் கையைப் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் நின்று அழுதார்கள். வெள்ளைக்காரர்கள் இப்படி அழுவார்களா என்று ஊர் வாயைப் பிளந்து பார்த்தது. பார்த்தவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

கோடி விழுந்தது. மஞ்சள் சேலைக்குள் இருளாயி முகம் கல்யாணப் பெண் முகமாக இருந்தது. கருத்தக்கண்ணன் தானே கயிற்றை எடுத்துக் கட்டினார்.

திங்கட்கிழமை காலை பாலைத் தூக்கிக்கொண்டு அன்னக்கொடி பசுமலைக்குப் போனாள். கயிறு கட்டிய பெட்டிகள் இரண்டும் வெளியில் அதே இடத்தில் இருந்தன. அவற்றைப் பார்க்காமல் படியில் உட்கார்ந்தாள். பார்லோ உள்ளேயிருந்து பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்து, எதிரே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தார்.

“பதினாறாம் நாள் காரியத்துக்கு மாமன் வீட்டுல என்ன செய்யணும்?”

“ஒங்க ரயிலு புதன்கெழமைல்ல மாமா?”

“அத விடு. பதினாறு கழியாமத் தாய்மாமன் ஊரத் தாண்டலாமா? அதச் சொல்லு.”

அப்படி ஒரு முறை இருக்கிறதா என்று அன்னக்கொடிக்கே தெரியாது. கருத்தக்கண்ணன் சித்தப்பாவைக் கேட்டால் தெரியும்.

“தாண்டக்கூடாது மாமா,” என்றாள்.

“நெனச்சேன்,” என்றார்.

அவர் பாத்திரத்தை நீட்டினார். விரலும் நகக்கண்ணும் இன்னும் மஞ்சளாகவே இருந்தன. அன்னக்கொடி அளந்து ஊற்றிவிட்டு, ஆத்தா செய்வதுபோல மேலே கொஞ்சம் கூடுதலாக ஊற்றினாள்.