முதுகுப்பக்க முடிச்சு

"அந்தப் பொண்ணு உங்களக் கூப்பிட்டுச்சா, இல்லியா?"

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்த செல்லையா திரும்பவில்லை. நவமணி விடவில்லை. அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டு எழுந்து அவனுக்கு எதிரே வந்து நின்றாள்.

"உங்களத்தான் கேக்குறேன். பக்கத்துக் கயித்துல தொங்குன என் காதுல விழுந்துச்சு. கயித்தப் புடிச்சிக்கிட்டு நின்ன உங்க காதுல விழலியா?"

"விழுந்துச்சு. இப்ப என்னாங்கிற? மேல தூக்குங்க சித்தப்பான்னுச்சு. ரெண்டு மூணு தடவ சொல்லுச்சு. காரணம் சொல்லல. காரணம் இல்லாம நான் மண்டோர்கிட்ட போயி என்னான்னு நிப்பேன்?"

"காரணம் உங்களுக்குத் தெரியாதாக்கும்?"

"தெரிஞ்சா? ஆம்பளைங்க நிக்கிற எடத்துல அதப் போயி வாய்விட்டுச் சொல்லச் சொல்றியா? வெக்கங்கெட்டவளே, போயி சோத்த ஆக்கு."

அன்று முற்பகல், அந்தப் பெண் புஷ்பவள்ளி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடையில் உருண்டு கால் எலும்பு முறிந்து கிடந்தாள். காவலுக்கு நின்ற போலீஸ்காரர்கள் அவளைத் தூக்கி லோரியில் போட்டுக்கொண்டு கோல குபு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தோட்டத்து வரிசை வீடுகளான லயம் முழுக்க அதே பேச்சாக இருந்தது. காட்டில் பதுங்கிச் சண்டை போடும் கம்யூனிஸ்டுகளான காட்டுக்காரர்களைப் பார்க்கப் போனாள் என்றார்கள் சிலர். எவனோடோ ஓடப் பார்த்தாள் என்றார்கள் சிலர். உண்மைக் காரணம் எல்லாருக்கும் தெரியும். அதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

மலாயாவில் கெர்லிங்குக்கு வடக்கே மலைச்சரிவில் இருந்தது அந்த ரப்பர் தோட்டம். சர்க்கார் அவசரகாலம் என்று பேர் வைத்த பிறகு லயங்களைப் பிரித்துக் கொண்டுவந்து ரோட்டோரமாக முள்கம்பி வேலிக்குள் நெருக்கிக் கட்டிவிட்டார்கள். மேட்டுப் பகுதியில் பால் மரம் வெட்டுவது நின்றுபோனது. ரோட்டை ஒட்டிய மலைச்சரிவில் பதுங்கியிருந்த யாரோ ஒரு லோரியைச் சுட்டதும், அந்தச் சரிவில் புதர் ஒன்றுகூட நிற்கக் கூடாதென்று உத்தரவு வந்தது. சரிவு செங்குத்தானது, கால் நிற்காது. பெண்கள் எடை குறைவு, ஆகவே பெண்களைக் கயிற்றில் கட்டி இறக்குவது, ஆண்கள் மேலே மரத்தில் சுற்றிய கயிற்றைப் பிடித்துக்கொள்வது என்று ஏற்பாடாயிற்று.

சாக்கை மடித்துத் தைத்த பட்டை. இடுப்பைச் சுற்றி ஒன்று, தொடைக்கு ஒன்றாக இரண்டு. எல்லாம் முதுகுப்பக்கம் ஒரே முடிச்சாகச் சேர்ந்து கயிற்றோடு போகும். முன்பக்கம் முடிச்சிருந்தால் வெட்டும் கத்தி பட்டுவிடும் என்றார் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ரெங்கசாமி. அதுவும் நியாயம்தான். காலையில் அவரே முழங்காலைக் கொடுத்து இறுக்குவார், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்தான் அவிழ்ப்பார். அதுவரை பட்டை கட்டியிருப்பவள் கை முதுகுக்கு எட்டாது. பட்டை கைலியைத் தொடையோடு சேர்த்து நெரித்திருப்பதால் துணியை ஒரு விரற்கடை உயர்த்தவும் முடியாது.

மேலே நின்ற ஆண்களுக்கு முட்டிக்கொண்டு வந்தால் இரண்டடி தள்ளிப் போய் ஏதாவது ஒரு மரத்தைப் பார்த்து நின்றுகொண்டார்கள். காவல்காரர்களும் அப்படித்தான். கீழே தொங்கிய பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். முகத்தைத் திருப்பிக்கொள்வது பெண்களுக்கு அழகு என்று அதற்கும் ஒரு பெருமை இருந்தது.

பெண்கள் விடிந்ததிலிருந்து எச்சிலைத் தவிர எதையும் விழுங்குவதில்லை. சிலர் பழந்துணியை மடித்து வைத்துக் கட்டிக்கொண்டு போனார்கள். ஈரமான துணி வெயிலில் காய்ந்து தொடையை அறுத்தது. அடிவயிற்று வலியும் குளிர்காய்ச்சலுமாக ஒருத்தி மாற்றி ஒருத்தி தோட்டத்து மருந்துக்கொட்டகைக்குப் போனார்கள். அங்கிருந்த டிரெஸ்ஸர், "நெறைய தண்ணி குடிங்க" என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்தார்கள்.

புஷ்பவள்ளிக்கு முதல் நாள் காய்ச்சல். அவள் அம்மா வேலம்மா, நவமணியின் பக்கத்து வீட்டுக்காரி, காலையில் கொத்தமல்லித் தண்ணீரை ஒரு குவளை நிறைய வற்புறுத்திக் குடிக்க வைத்தாள். வெயில் ஏறும்போதே அந்தப் பெண் கூப்பிட ஆரம்பித்துவிட்டது. இரண்டாம் தடவை கூப்பிட்டபோது மேலேயிருந்து ரெங்கசாமி எட்டிப் பார்த்து, "ஊஞ்சல் அதுக்குள்ள அலுத்துப்போச்சா ஆத்தா?" என்று கேட்டார். ஆண்கள் சிரித்தார்கள். அதற்கப்புறம் சத்தம் இல்லை. சற்று நேரம் கழித்துக் கயிறு தளர்ந்தது. கால் வைக்க இடமிருந்த ஒரு திட்டில் நின்று, கையை முதுகுக்கு மேலே வளைத்து, வெட்டுக்கத்தியால் கயிற்றை அறுத்துவிட்டு, பட்டையையும் மறைவில் அறுத்துக்கொள்ளலாமென்று புதர்ப்பக்கம் நகர்ந்திருக்கிறாள். அந்தப் புதர் காட்டைப் பார்த்த பக்கம். மண் சரிந்தது.

அறுந்த கயிறு, காட்டுப்பக்கம். போலீசுக்கு அது போதுமானதாக இருந்தது.

விசாரணை சில நாள் கழித்துத் தோட்டத்து ஆபீஸ் வாசலில் நடந்தது. வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மலாய்க்காரக் கோப்ரல். அந்தத் துரை இங்கிலீஷில் கேட்பதைத் தமிழில் சொல்லத் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி அம்புரோஸ் நின்றார். மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய காலோடு புஷ்பவள்ளியை லோரியிலிருந்து இறக்கி ஒரு பெஞ்சில் கிடத்தினார்கள். தோட்டத்து ஜனங்கள் சுற்றி நின்றார்கள். சபாக்கிலிருந்து அவளுக்கு நிச்சயித்திருந்த மாப்பிள்ளையின் பெரியப்பாவும் வந்து, தோள் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார்.

"கயித்த எதுக்கு அறுத்தேன்னு கேக்குறாரு."

புஷ்பவள்ளி பெஞ்சின் மரச்சட்டத்தைப் பார்த்தாள்.

"யார்கிட்டயாச்சும் மேல தூக்கச் சொன்னியா?"

அவள் பார்வை சட்டத்தை விட்டு எழவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்தே வேலம்மா மகளின் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். கல்யாணத்துக்கு நிற்கிற பெண் சபையில் அந்த வார்த்தையைச் சொன்னால் அப்புறம் எந்த வீட்டு வாசல் திறக்கும்?

ரெங்கசாமியைக் கேட்டார்கள். "எங்க யாரயும் கூப்பிடல தொரை" என்று கும்பிட்டார். செல்லையாவைக் கேட்டார்கள். அவன் மண்டோர் முகத்தைப் பார்த்தான். பிறகு மனைவி நின்ற பக்கம் பார்க்காமல், "கூப்பிடல" என்றான்.

துரை தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். கோப்ரல் லோரி பக்கம் கையைக் காட்டினான். சிறைமுகாமுக்குப் போகிற லோரி. போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று கேட்க ஆள் கிடையாது. புஷ்பவள்ளி தலையைத் தூக்கி ஒருமுறை நவமணியைப் பார்த்தாள். கேட்பதுபோலவும் இல்லை, வேண்டாம் என்பதுபோலவும் இல்லை. நவமணிக்குத் தன் கால் தன்னைக் கேட்காமலே முன்னால் போனது தெரிந்தது.

"அவ கூப்பிட்டா. என் வீட்டுக்காரரத்தான் கூப்பிட்டா. நான் கேட்டேன். மூத்திரம் போவணும், அதுக்குத்தான் கூப்பிட்டா. அவுத்துவிடல. அறுத்துட்டா. சொல்லுங்க கிராணியாரே."

 அம்புரோஸின் காது மடல் சிவந்துபோனது. துரை பக்கம் குனிந்து ஏதோ இரண்டு வார்த்தை சொன்னார். துரை புருவத்தைச் சுருக்கித் திருப்பிக் கேட்டார்.

"மயக்கம் வந்தவ கயித்த அறுப்பாளா, இன்னும் கெட்டியால்ல புடிச்சிக்குவா, அப்பிடின்னு கேக்குறாரு."

"மயக்கமா? நான் மயக்கம்னா சொன்னேன்?"

"மெதுவா பேசும்மா." கிராணி குரலைத் தாழ்த்தினார். "தொரை முன்னாடி அந்த வார்த்தைய நான் எப்பிடிச் சொல்வேன்? என் வீட்லயும் பொம்பளப் புள்ளைங்க இருக்கு."

"அதுங்களும் போவுதுங்கல்ல?"

 நவமணி அவரைத் தாண்டிப் போய்க் கோப்ரல் எதிரில் நின்றாள். மலாய்க் கிராமமான கம்பத்துச் சந்தையில் மீனும் காயும் வாங்கிப் பழகிய மலாய்தான் அவளுக்குத் தெரியும். அது போதும்.

"டியா நாக் கென்சிங், துவான். டாலி தாக் போலே புக்கா."

அவளுக்கு மூத்திரம் போக வேண்டியிருந்தது, கயிற்றை அவிழ்க்க முடியவில்லை. அவ்வளவுதான். துரைக்கும் மலாய் தெரியும். கோப்ரல் வாயைப் பொத்திக்கொண்டான். பின்னாலிருந்த ஒரு காவல்காரன் சிரித்தேவிட்டான். துரை சிரிக்கவில்லை. நம்பவும் இல்லை.

ஆபீஸ் கொட்டகையில் குவித்திருந்த பட்டைகளில் ஒன்றை நவமணி இழுத்து வந்தாள். எல்லார் முன்னாலும் இடுப்பிலும் தொடையிலும் மாட்டிக்கொண்டு மண்டோர் பக்கம் முதுகைக் காட்டினாள். "தெனமும் கட்டுற மாதிரியே கட்டுங்க." துரை பார்த்துக்கொண்டிருந்தார். ரெங்கசாமிக்கு வேறு வழியில்லை, முழங்காலைக் கொடுத்து இறுக்கினார். நவமணி இரண்டு கையையும் பின்னால் வளைத்துக் காட்டினாள். எட்டவில்லை. கோப்ரலைப் பார்த்து, "புக்கா", அவிழ்த்துப் பார் என்றாள். அவன் குனிந்து நகத்தால் முடிச்சைப் பிராண்டினான், பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துப் பார்த்தான். முடிச்சு அசையவில்லை. அவன் முகத்தில் இருந்த சிரிப்பு போனது.

துரை தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். லோரி வெறுமையாகத் திரும்பிப் போனது.

அங்கேயே, ஜனம் கலைவதற்கு முன்பே, மாப்பிள்ளையின் பெரியப்பா வேலம்மாவிடம் வந்தார். நல்ல மனுஷர்தான், குரல்கூட உயரவில்லை.

"போலீஸ் கேஸுன்னா நாங்க பெருசா எடுத்திருக்க மாட்டோம் தங்கச்சி. இந்தக் காலத்துல எந்த வீட்டுல கேஸு இல்ல? காத்திருந்து கட்டியிருப்போம்லா. ஆனா இது... நடுச்சபையில, புள்ள பேரோட சேத்து, அந்தப் பேச்சு. நாளைக்கு எங்க வீட்டுல அது கால் வச்சா ஊரே அதச் சொல்லித்தான கூப்பிடும்? தப்பா நெனச்சுக்காத."

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் கேட்டைத் தாண்டிப் போவதை வேலம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு திரும்பினாள்.

"முகாமுக்குப் போயிருந்தா என்னிக்காச்சும் வந்திருப்பாடி," என்றாள் நவமணியிடம். "நீ வாயத் தொறந்து எம்பொண்ணக் காலத்துக்கும் உள்ள வச்சிட்ட."

வீட்டில் செல்லையா நவமணி ஆக்கி வைத்ததைத் தொடவில்லை. "ஊர் முன்னாடி என்னைப் பொய்யனாக்கிட்ட" என்றான்.

"நானா ஆக்குனேன்?" என்றாள் அவள். அதற்கப்புறம் அந்த வீட்டில் பேச்சு வெகுவாகக் குறைந்துபோனது.

துரை மானேஜரிடம் என்ன சொல்லிவிட்டுப் போனாரோ தெரியாது. சரிவுக்கு மேலே நான்கு கம்பு நட்டுச் சாக்கு கட்டி ஒரு மறைப்பு வந்தது. கேட்டால் அவிழ்த்துவிட வேண்டும் என்று மண்டோருக்கு உத்தரவும் வந்தது. ஆண்கள் லயத்துக் குழாயடியில் கூடிப் பேசினார்கள். இத்தனை பேர் பார்க்க ஒருத்தி அதற்குள் போனால் எதற்குப் போகிறாள் என்று எல்லாருக்கும் தெரியாதா? நம் வீட்டுப் பெண்கள் மானம் கெட்டவர்களா? யாரும் போகக் கூடாது என்று முடிவாயிற்று. பெண்களை யாரும் கேட்கவில்லை. அவர்களும் வழக்கம்போல வெறும் வாயோடு வந்து வழக்கம்போலத் தொங்கினார்கள்.

நவமணி மட்டும் கூப்பிட்டாள்.

"மண்டோரே! மூத்திரம் போவணும். தூக்கச் சொல்லுங்க."

சரிவில் வெட்டுக்கத்திச் சத்தம் அப்படியே நின்றது. மேலே ஆண்கள் ஆளுக்கொரு பக்கம் திரும்பினார்கள். ரெங்கசாமி தலையைக் குனிந்து முடிச்சை அவிழ்த்தார். அவள் அந்த ஆண்கள் நடுவே நடந்து மறைப்புக்குள் போய்விட்டு, அதே நடையில் திரும்பி வந்து முதுகைக் காட்டினாள். யாரோ காறித் துப்பினான். யாரென்று அவள் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போன பிறகு தனியே உட்கார்ந்து அழுதாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மறுநாளும் கூப்பிட்டாள்.

நொண்டிக்கொண்டு வீட்டோடு கிடந்த மகளுக்குப் பதிலாக வேலம்மா வேலைக்கு வந்தாள். வயது ஏறிய உடம்பு, பட்டையில் தொங்குவதற்கே மூச்சு வாங்கியது. நவமணிக்குப் பக்கத்துக் கயிறுதான், ஆனாலும் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. அப்படியே நாட்கள் போயின.

ஒருநாள் நவமணி மறைப்பிலிருந்து வெளியே வரும்போது, வேலம்மா மேலே நின்றுகொண்டிருந்தாள். செல்லையா எதுவும் கேட்காமல் தூக்கிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரெங்கசாமி முடிச்சை அவிழ்த்தார். வேலம்மா தலை முக்காட்டை முகம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, நவமணியைத் தாண்டிச் சாக்கை விலக்கி உள்ளே போனாள். காற்றில் சாக்கு விலகியது. நவமணி அதன் விளிம்பைக் கையால் பிடித்துக்கொண்டு, ஆண்கள் இருந்த திசையைப் பார்த்து நேராக நின்றாள்.

உள்ளே இருந்தவளுக்கு வெகுநேரம் ஆயிற்று. வெளியே வந்ததும் கைலியைச் சரிசெய்துகொண்டே, வேறெங்கோ பார்த்துச் சொன்னாள்:

"உங்கிட்ட நான் பேசல."

"சரிக்கா."

"எம்பொண்ணு வாழ்க்கையக் கெடுத்தவ நீ. அது மாறாது."

 கீழே தொங்கிய பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலம்மா கயிற்றுப் பக்கம் இரண்டடி வைத்தவள் நின்று, திரும்பாமலே சொன்னாள்:

"நாளைக்கும் வருவேன். இந்த மாதிரியே புடிச்சிக்கிட்டு நில்லு."